நன்றியுரைக்கு முன் ஒரு பாட்டு

மட்டக்களப்பில் ஒரு விசயம் செத்துப் போய்விட்டதா இல்லையா என்று அறிய வேண்டுமானால், அதற்குப் பேரவை இருக்கிறதா என்று விசாரித்தால் போதும். பேரவை இருந்தால் செத்துவிட்டது. உயிரோடு இருக்கிற எதற்கும் எங்கள் ஊரில் தலைவர், செயலாளர், பொருளாளர் கிடையாது. ஆகவே, பிரித்தானியாவின் கிற்றார் இசைக்குழுக்களுக்கும் ஒரு பேரவை உண்டாகியிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, அந்தப் பாட்டுகளும் போய்ச் சேர்ந்துவிட்டன என்று விளங்கிக்கொண்டேன்.

என் பெயர் உதயரூபன். பிரதேச செயலகத்துக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பேரவை என்னிடம் வந்தது பாட்டுக்காக அல்ல, கடிதத்தாள் அடிப்பதற்காக. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்து, 'கீழ்த்திசைப் பிரித்தானியக் கிற்றார் இசை மீள்நோக்குப் பேரவை' என்ற தலைப்பு ஒரே வரியில் வரவேண்டும் என்றார். தாளை அகலப்பக்கம் திருப்பினாலும் வராது என்றேன். எழுத்தைச் சிறிதாக்கச் சொன்னார். கீழே இருக்கும் தலைவரின் பெயரைச் சிறிதாக்கினால் இடம் கிடைக்கும் என்றேன். அவர் கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அது ஏலாது என்றார். அவர்தான் செயலாளர் சிவதர்ஷன்.

"அண்ணன், நீங்க அந்த நாளையில இங்கிலீஷ் பேண்ட் ஒண்டு வெச்சிருந்தீங்களாமே?" என்று போகும்போது கேட்டார்.

"வெச்சிருந்தம். ஆனா ஒரு நாளும் மேடை ஏறிப் பாடல்ல."

"அது பிரச்சின இல்ல. எங்கட தலைவர் அதுகள ஒரு நாளும் கேட்டதும் இல்ல."

நாங்கள் மூன்று பேர். எர்வின் செலர் கடற்கரைப்பக்கத்து டச்பார்க்காரன். பறங்கியர் வீட்டுப் பிள்ளை, இரும்பு ஒட்டும் வேலை. அவன்தான் பாடுவான். கச்சி முகம்மது காத்தான்குடியில் புடைவைக் கடைக்காரரின் மகன், டிரம்ஸ் அடிப்பான். நான் கிற்றார். தொண்ணூறுகளின் நடுவில் கச்சி முகம்மதுவின் நானா, அவனுடைய அண்ணன், சவூதியிலிருந்து கொண்டுவந்த கசெட்டுகளில் இங்கிலாந்துப் பையன்களின் பாட்டு இருந்தது. கரண்ட் இருக்கும் நேரத்தில் கேட்டோம், இல்லாத நேரத்தில் வாசித்தோம்.

அந்தப் பாட்டுகளைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் அதுதான் பெரிய குற்றமாகிவிட்டது. பாதி பிடிக்கும். பாதி குமட்டும். கிற்றாரை ஓங்கி ஓர் இழு இழுத்ததும் உடம்பு தானாக எழும்பும். பல்லவியைக் கூட்டமாகக் கத்திப் பாடலாம். விரலால் மூன்று கோர்ட் பிடிக்கத் தெரிந்தவனும் வாசிக்கலாம். அதெல்லாம் நல்லது. ஆனால் பாடுகிறவன் மூக்கால் முனகுவான். மழை பெய்கிறது, பஸ் பிந்துகிறது, ஊர் சலிக்கிறது, சனிக்கிழமையும் சலிக்கிறது என்பான். நாங்கள் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் பள்ளிக்கூட மைதானத்து வெயிலில் குந்தியிருந்துவிட்டு வந்து, சலிப்பதற்கு நேரம் கிடைத்தவன் அழுவதைக் கேட்போம். எரிச்சலாக இருக்கும், பொறாமையாகவும் இருக்கும். போதாக்குறைக்கு எங்களை ஆண்டவர்களின் கொடியைக் கிற்றாரில் பூசிக்கொண்டு குதிப்பார்கள். அப்படியிருந்தும் அடுத்த நாள் அதே கசெட்டைத்தான் போடுவோம்.

ஒரு தடவை வாவிக்கரை மண்டபத்தில் பாட ஏற்பாடு செய்தோம். அன்று காலையிலேயே சுற்றிவளைப்பு. எங்களை மைதானத்திலிருந்து விட்டபோது மண்டபம் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு கல்யாணம், பிள்ளைகள், சுனாமி, திரும்ப வீடு கட்டுவது என்று முப்பது வருடம் போய்விட்டது.

சிவதர்ஷன் வந்து போன அதே கிழமை எர்வின் கடைக்கு வந்தான். குரல் கம்மியிருந்தது. சளித் தடிமன் என்று நினைத்தேன்.

"தொண்டைக்குள்ள கட்டியாம் மச்சான். அடுத்த மாசம் மகரகம கென்சர் ஆஸ்பத்திரியில எடுக்கப் போறானுகள். குரல்வளையோட."

நான் மெசினை நிறுத்திவிட்டு அவன் கழுத்தைப் பார்த்தேன்.

"முழிசாத. உசிர் தப்பும் எண்டுதான் டொக்டர் சொல்றார். எனக்கு ஒண்டுதான் வேணும். அந்த ஹோலில, மைக்கப் புடிச்சி, ஆக்களுக்கு முன்னால ஒரு பாட்டு. மறுகா அவனுகள் எத வேணுமெண்டாலும் எடுக்கட்டும்."

வாவிக்கரை மண்டபத்தைத் தனியாளுக்குக் கொடுக்க மாட்டார்கள். பதிவுபெற்ற அமைப்பு ஒன்று விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த மாதம் அந்த மண்டபத்தை யார் எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், 'பிரித்தானியக் கிற்றார் இசைக்குழுக்கள்: முப்பதாண்டு மீள்நோக்குப் பெருவிழா' என்று என் கடையிலேயே அடித்த தாள் காவலாளியின் மேசையில் இருந்தது. எர்வினின் முகம் மலர்ந்துவிட்டது. நான்தான் மடையன், நானும் சந்தோசப்பட்டேன்.

பேரவையில் பாடுவதற்கு முன் தகுதி நேர்காணல் என்று ஒன்று இருந்தது. தலைவர் கதிர்காமத்தம்பி இளைப்பாறிய உதவிப் பணிப்பாளர். சேதனப் பசளைப் பேரவை, முதியோர் பேரவை, கிறிக்கெட் நடுவர் பேரவை எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவர். வீட்டிலும் மேடைத் தமிழில்தான் பேசுவார் என்று சொல்வார்கள். எங்கள் மூவரையும் எதிரே இருத்திவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நான் இந்தப் பாடல்களில் ஒன்றையேனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பக்கச்சார்பு ஏற்பட்டிருக்கும். அந்த நடுநிலைமை கருதியே என்னை ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள். இப்போது சொல்லுங்கள், பிரித்தானியக் கிற்றார் இசை உங்கள் வாழ்வை எவ்வாறு மாற்றியது?"

"மாத்தல்ல சேர்," என்றேன். "சில பாட்டு நல்லம். சிலத கேட்க ஏலா."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார்.

"தம்பி, கலப்பு அபிப்பிராயத்துக்கு எமது திட்டத்தில் ஏற்பாடு இல்லை. நிதி தருபவர்கள் மாற்றத்தைக் கேட்கிறார்கள். நல்லதும் கூடாததும் கலந்திருந்தது என்று அறிக்கையில் எழுதினால், அது நடந்த விடயம் போலாகிவிடும்."

எர்வின் என் காலை மிதித்தான். கச்சி முகம்மதுதான் நிலைமையைக் காப்பாற்றினான்.

"சேர், என்ட வாழ்க்கை நல்லா மாறிட்டு."

"எவ்வாறு?"

"முன்ன சாரம் மட்டும் வித்த நான், இப்ப சாரியும் விக்கிறன்."

சிவதர்ஷன் அதைப் பக்தியோடு எழுதிக்கொண்டார். 'இசையினூடாகச் சிறு வணிக விரிவாக்கம்' என்று பின்னர் அது பதாகையில் வந்தது. எங்களுக்கும் தகுதி கிடைத்தது.

"பாட்டு எப்ப சேர் பாடுற?" என்று எர்வின் கேட்டான். பேசும்போது அவனுக்கு வலித்தது.

"நன்றியுரைக்கு முன் ஐந்து நிமிடங்கள்," என்றார் தலைவர். "ஆனால் ஆயத்தச் செயலமர்வில் பங்குபற்றாதோருக்கு மேடை இல்லை."

செயலமர்வு கல்லடியில் நடந்தது. தலைப்பு, 'கிற்றார் இசைக்குழுக்களின் வீழ்ச்சியிலிருந்து வாவி மீன்வளம் கற்க வேண்டிய பாடங்கள்'. நிதி தருபவர்கள் வாவிக்கரைச் சமூகமும் வரவேண்டும் என்று கேட்டிருந்தபடியால், இறால் விற்கப் போய்க்கொண்டிருந்த பெண்களை பஸ் வைத்து ஏற்றி வந்திருந்தார்கள். கூடைகள் வாசலில் வெயிலில் இருந்தன. வளவாளர் என்று கொழும்பிலிருந்து வந்திருந்தவர், எல்லோரும் எழுந்து தங்கள் பெயரையும் தங்களுக்கு மிகவும் நெருக்கமான ஓர் இசைக்குழுவின் பெயரையும் சொல்ல வேண்டும் என்றார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் எழும்பி, "கண்ணகை. இறால்," என்றாள்.

வளவாளர் பெரிய தாளில் 'இறால்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். அடுத்த மூன்று பெண்களும் இறால் என்றே சொன்னதால், அன்றைய செயலமர்வின் முடிவுப்படி கிழக்கு மாகாணத்தில் மிகவும் ஆழமாக வேரூன்றிய பிரித்தானிய இசைக்குழு இறால் ஆனது. நான் கையை உயர்த்தி அப்படி ஒரு குழு இல்லை என்று சொல்லப் போனேன். எர்வின் மறுபடியும் காலை மிதித்தான்.

சுவரெல்லாம் இங்கிலாந்துப் பையன்களின் படங்கள் ஒட்டி மாலை போட்டிருந்தார்கள். கண்ணகை கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தாள்.

"இந்தப் பொடியனுகள் எல்லாம் செத்துட்டானுகளா மனே?"

"இல்லக்கா. கனபேர் இருக்காங்க."

"மறுகா என்னத்துக்கு முப்பத்தோராம் நாள் மாதிரி மாலயப் போட்டு வெச்சிருக்கானுகள்? என்ட இறால் அங்க நாறுது. எப்ப விடுவானுகள்?"

மாலையில்தான் விட்டார்கள். எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. கண்ணகை அன்றைய இறாலை வாவியில் கொட்டிவிட்டுப் போனதை நான் பார்த்தேன். அவளுக்குப் பதில் சொல்ல எவனும் இல்லை.

அடுத்ததாக எங்கள் வாத்தியங்களை எடுத்துப் போனார்கள். கண்காட்சிக்கு என்றார்கள். என்னுடைய கிற்றாரையும், கச்சி முகம்மது கடையின் பின்னறையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் வைத்திருந்த டிரம்ஸையும் மண்டப வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, 'மரபுரிமைப் பொருள், தொட வேண்டாம்' என்று எழுதினார்கள். அந்த அட்டையையும் நானே அடித்துக் கொடுத்தேன்.

"பாட்டுக்கு முன்ன திறந்து தருவீங்கதானே?" என்று சிவதர்ஷனிடம் கேட்டேன்.

"திறப்பு பொருளாளரிட்ட அண்ணன். அவர் வந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

பொருளாளரை நான் இன்றுவரை கண்டதில்லை.

இதற்கிடையில் நிகழ்ச்சி நிரல் ஒவ்வொரு நாளும் கடைக்கு வந்தது. முதல் நாள் அது ஒரு பக்கம். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பாட்டு, நன்றியுரை. எங்கள் ஊர் வழக்கப்படி மேடையில் மங்கல விளக்கின் திரியை ஏற்றியவர் எவரோ அவர் பேசியே ஆகவேண்டும். ஏற்றிவிட்டுப் பேசாமல் இறங்கினால் அவரை அவமதித்ததாகிவிடும், அவருடைய ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். விளக்கில் ஐந்து திரி. அழைக்காவிட்டால் கோபிக்கக்கூடிய பெரிய மனிதர்களோ அதிகம். தலைவர் யோசித்து இரண்டாவது விளக்கையும் வரவழைத்தார். அதற்கும் ஐந்து. அப்போதும் ஒருவர் மிஞ்சினார். அவருக்காகத் தனியாக ஒரு சிட்டி விளக்கு வைத்தார்கள். நிரல் நாலு பக்கமாகிவிட்டது. எர்வினின் பாட்டு கடைசிப் பக்கத்தின் அடியில், என் கடையின் பெயருக்குச் சற்று மேலே இருந்தது.

விழா ஞாயிற்றுக்கிழமை. எர்வின் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். காலையிலிருந்து அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. குரலை மிச்சம் பிடிக்கிறான். போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து மிடறு மிடறாகக் குடித்தான். வெள்ளைச் சேட்டு போட்டு, தலைக்கு மை பூசி வந்திருந்தான்.

ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டியது. பிரதம அதிதி பதினொன்றரைக்கு வந்தார். அவரைப் பள்ளிக்கூட பேண்ட் வாத்தியத்தோடு அழைத்து வந்தார்கள். அன்று அந்த மண்டபத்தில் ஒலித்த வாத்தியம் அது மட்டும்தான்.

பிறகு விளக்கேற்றினார்கள். வாவிக் காற்றுக்குத் திரிகள் அணைந்துகொண்டே இருந்தன. அணைந்ததை மறுபடி ஏற்ற வேறு ஆளைக் கூப்பிட்டால் அவரும் பேச வேண்டி வரும் என்பதால், அந்தந்தத் திரிக்கு அந்தந்த ஆளே திரும்பி வரவேண்டியிருந்தது. பிரதம அதிதி மூன்று தடவை வந்தார்.

அவர் பேசும்போது, இங்கிலாந்து இசைக்குழுக்கள் மீது தமக்குச் சிறுவயது முதலே அளவற்ற பற்று என்றார். எந்தக் குழு என்று பெயர் சொல்ல முயன்று, தாளைப் பார்த்து, "குறிப்பாக, இறால்" என்றார். கைதட்டினார்கள். அடுத்தவர், கிற்றார் என்பது எங்கள் யாழைத் திருடிக்கொண்டு போய் நெளித்தது என்றார். அதற்குக் கூடுதலாகத் தட்டினார்கள். அதற்கடுத்தவர் எங்கள் வாவியில் பாடும் மீன்களுக்கு வந்தார். எந்தக் கூட்டமானாலும் மட்டக்களப்பில் யாராவது ஒருவர் மீனைப் பாடவைக்காமல் இறங்கமாட்டார். அன்று நான்கு பேர் பாடவைத்தார்கள். ஒருவர் மட்டும் நேர்மையாக, "எனக்கு இந்த விழா எதைப் பற்றியது என்று தெரியாது, ஆனால் இப்படியான விழாக்கள் தொடர வேண்டும்" என்றார். அவருடைய பேச்சுத்தான் நீளத்தில் குறைந்தது.

மத்தியானம் கடந்தது. சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள். எர்வின் சாப்பிடவில்லை. கச்சி முகம்மது பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கவிழ்த்து, அடியில் தட்டிச் சத்தம் பார்த்தான்.

"பொருளாளரக் காணல்ல மச்சான். பெட்டி திறபடா. நான் கதிரையில அடிக்கிறன். நீ என்ன செய்யப் போறா?"

நான் எர்வினைப் பார்த்தேன். அவன் அன்று முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"கிற்றார் இல்லாட்டிப் பரவால்ல. நான் பாடுறன்."

ஐந்து மணிக்குத் தலைவர் கதிர்காமத்தம்பி மறுபடியும் எழும்பினார். எர்வினை மேடைக்கு அழைத்தார். எர்வின் போத்தலை என்னிடம் தந்துவிட்டு ஏறினான். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. தலைவர் அவனுடைய தோளில் கை வைத்தார். மைக் அவர் கையில் இருந்தது.

"எர்வின் அவர்களின் குரல் இன்னும் இரண்டு நாட்களில் எம்மை விட்டுப் பிரியப்போகிறது. அத்தகைய ஒரு குரலின் பெருமையை எடுத்துரைக்காமல், அதனை வெறுமனே பாட விட்டுவிடுவது பண்பாடாகாது."

எடுத்துரைத்தார். குரல் என்றால் என்ன என்று தொடங்கினார். குரல் கொடுத்தவர்கள், குரல் நசுக்கப்பட்டவர்கள், தாம் உதவிப் பணிப்பாளராக இருந்தபோது உயர்த்திய குரல். எர்வின் பக்கத்தில் நின்றான். முதலில் சிரித்துக்கொண்டு நின்றான், பிறகு சும்மா நின்றான். ஒரு தடவை மைக்கை நோக்கிக் கையை நீட்டினான். தலைவர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் எடுத்தார்கள்.

ஆறு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். ஒரு பிறந்தநாள் வீட்டுக்காரர் பலூன்களோடு வாசலில் நின்றார். காவலாளி திறப்புக் கோர்வையை ஆட்டிக் காட்டினார். சிவதர்ஷன் ஓடிவந்து நன்றியுரையை வாசித்தார். விளக்குக்கு எண்ணெய் தந்தவருக்கும் நன்றி சொன்னார். எர்வின் மைக்குக்கு முன்னால் வந்துவிட்டான். மூச்சை இழுத்தான். நான் அதைப் பார்த்தேன். அப்போது தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்படி அறிவித்து, பாட்டுப்பெட்டியைத் தட்டிவிட்டார்கள். அது முடிந்ததும் சனம் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு போனது. மைக்கின் வயரை யாரோ சுருட்டினார்கள்.

நான் மண்டபத்தின் பின்பக்கம் போய் வாவிக்கரையில் வாந்தி எடுத்தேன். தேநீரோடு தந்த பற்றிஸ் பழுது என்று என் மனைவி கேதீஸ்வரி சொல்கிறாள். பற்றிஸ் நான் தின்னவில்லை. அந்த மனிதர்களின் வாயிலிருந்து வந்ததெல்லாம் நாள் முழுக்க என் வயிற்றில் இறங்கியிருந்தது.

"வீட்ட போய்ப் பாடுவம் எர்வின்," என்றான் கச்சி முகம்மது. அழுதுவிடுவான் போலிருந்தது.

"வீட்டில நான் ஒவ்வொரு நாளும் பாடினனான்டா. அதுக்கு ஹோல் என்னத்துக்கு?"

செவ்வாய்க்கிழமை போனான். குரல்வளையை எடுத்தார்கள். உயிர் தப்பினான். இப்போது கழுத்தின் அடியில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அதன் வழியாகத்தான் போகிறது. அதன்மேல் மெல்லிய துணி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பான். ஒட்டும் வேலையை மகனிடம் கொடுத்துவிட்டான்.

சில மாதங்களின் பின் சிவதர்ஷன் கடைக்கு வந்தார். நிதி தந்தவர்கள் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்களாம். இசை விழாவில் இசை எப்போது நடந்தது என்று.

"நிறைவு விழா ஒண்டு வெக்கிறம் அண்ணன். இந்த முறை எர்வின் அண்ணனுக்குத்தான் முதலிடம். பாட்டுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கம்."

"அவனுக்குக் குரல் இல்ல எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணன். அதுதான் அரை மணித்தியாலம். இந்த முறை நேரம் பிந்தாது."

நான் அவரைக் கடையை விட்டு வெளியே போகச் சொன்னேன். நல்ல சொற்களில் சொல்லவில்லை. அவர் நேராக டச்பாருக்குப் போய், பாட்டைக் கௌரவிப்பாக மாற்றி, எர்வினிடமே கேட்டிருக்கிறார். எர்வின் தலையாட்டிவிட்டான். எனக்கு விளங்கவில்லை. போய்க் கேட்டேன். அவன் விரலால் என்னையும் கச்சி முகம்மதுவையும் காட்டி, மண்டபம் இருக்கும் திசையைக் காட்டி, வாங்க என்று சைகை செய்தான்.

அதே மண்டபம். வாசலில் எங்கள் வாத்தியங்கள் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. கிற்றாரின் தந்திகள் துருப்பிடித்திருந்தன. எர்வினை மேடையில் சிம்மாசனம் போன்ற கதிரையில் இருத்தினார்கள். முன்வரிசையில் நானும் கச்சி முகம்மதுவும். மின்விசிறிகள் எல்லாம் கடகடவென்று சுற்றின.

கௌரவிப்பு என்றால் எங்களிடம் பொன்னாடை. தலைவர் ஒன்றைப் போர்த்தினார். சரிகை வைத்த கனத்த துணி. கழுத்தைச் சுற்றி இழுத்து, படம் எடுப்பதற்காக முன்பக்கம் ஒழுங்காக விரித்துவிட்டார். பிரதம அதிதி அதன்மேல் இரண்டாவதைப் போர்த்தினார். வர்த்தகர் சங்கத்தின் சார்பில் மூன்றாவது வந்தது. எர்வினின் கண் பிதுங்குவதை நான்தான் முதலில் பார்த்தேன். கழுத்துத் துளையை மூடிவிட்டார்கள். அவன் கைகளைத் தூக்கினான். தலைவர் அதைக் கும்பிடு என்று நினைத்துத் தாமும் கும்பிட்டார்.

நானும் கச்சி முகம்மதுவும் மேடைக்குப் பாய்ந்து மூன்றையும் பிடுங்கி எறிந்தோம். எர்வின் குனிந்து, கழுத்தால் இருமி, மூச்சை இழுத்து இழுத்து விட்டான். முகம் கறுத்துப்போய் இருந்தது. ஓர் அறை கொடுத்தால் என்ன என்று தலைவரின் கன்னத்தைப் பார்த்தேன்.

"உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்," என்று தலைவர் சபைக்கு அறிவித்தார். "கலைஞர்கள் இப்படித்தான். அடுத்ததாக, நிரலின்படி, எர்வின் அவர்களின் ஏற்புரை."

அந்த நிரலை என் கடையில் அடிக்கவில்லை, வேறெங்கோ அடித்திருந்தார்கள். ஏற்புரை, ஐந்து நிமிடம். தலைவர் மைக்கை அவன் வாய்க்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினார். வாய் அசையவில்லை. சபை காத்திருந்தது. தலைவரும் காத்திருந்தார், கையை இறக்கவில்லை. எர்வின் மைக்கைத் தன் கையில் வாங்கி, கழுத்துத் துளைக்கு நேரே பிடித்தான். மூச்சு போய்வரும் சத்தம் பெரிய ஸ்பீக்கர்களில் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஓட்டை ரயரில் காற்றுப் போகிற சத்தம். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் கைதட்டத் தொடங்கினார், எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலைப்போல் அசிங்கமான ஒன்றை நான் என் சீவியத்தில் கேட்டதில்லை.

தட்டி ஓய்ந்ததும் எர்வின் மைக்கைக் கீழே இறக்கினான். பெருவிரலால் அதன் சுவிட்சைப் பின்னுக்குத் தள்ளினான். பிறகு இரண்டு கைகளாலும் மரியாதையாகத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, இறங்கி வந்து எங்களுக்கு நடுவில் இருந்தான்.

தலைவர் நிறைவுரையைத் தொடங்கினார். ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறிகள் சுற்றுவதுதான் கேட்டது. தாம் பேசுவது சபைக்குக் கேட்கிறதா என்று அவர் எந்த நாளிலும் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. ஒலிபெருக்கிக்காரர் தன் மேசையிலிருந்து எழும்பப் பார்த்தார். எர்வின் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் மறுபடி உட்கார்ந்து போனை எடுத்துத் தடவத் தொடங்கினார். சபையில் ஒருவரும் எழும்பிச் சொல்லவில்லை. சிலர் காலை நீட்டிக்கொண்டார்கள். சிவதர்ஷன் மட்டும் தலைவர் கையை உயர்த்தும் இடங்களில் தட்டினார்.

எர்வின் நிமிர்ந்து உட்கார்ந்து மேடையைப் பார்த்தபடி உதடுகளை அசைத்தான். முதலில் எனக்கு ஏதோ சொல்கிறான் என்று நினைத்தேன். கச்சி முகம்மதுவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. அவன் இரண்டு முழங்காலிலும் விரலால் தட்ட ஆரம்பித்தான். அப்போது எனக்கும் விளங்கியது. இடது கையைத் தொடையில் வைத்து கோர்ட்டுகளைப் பிடித்தேன். மூக்கால் முனகும் சரணம், மழை, பஸ், சனிக்கிழமை எல்லாம் அவன் உதட்டில் வந்தன. ஒரு வரியையும் விடவில்லை. எனக்குப் பிடிக்காத பாதியையும் சேர்த்துப் பாடினான். பல்லவி வந்த இடத்தில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாயை அகலத் திறந்தான். நாங்கள் இருவரும் எங்கள் வாயையும் திறந்தோம்.

பாட்டு முடிந்தபோது அவன் சேட்டு நனைந்திருந்தது. தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.